முட்டும் கட்டும் இல்லாமல்

1956ஆம் வருடம் ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெங்கடலட்சுமியின் நாலு ஏக்கர் காட்டுக்குள் நுழைந்த காற்று, அதன்பிறகு வெளியே போகவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று எல்லோருக்கும் பொதுவானது. வரும், நாலு கூரையைப் பிரிக்கும், ஆவணியில் போய்விடும். இது அப்படியல்ல. நாலு பக்கமும் கிளுவை வேலி. வேலிக்கு உள்ளே ஒரு அடி வைத்தால் தலைப்பாகை பறக்கும். வெளியே நின்றால் ஒரே குச்சியில் பீடி பற்றவைக்கலாம். போத்தனூருக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கும் கோணமடை ஊரார் முதல் வாரம் வேலியோரம் வந்து கையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் தானியம் தூற்றுவதற்கு முறத்தை வேலிக்கு மேல் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள். படித்தவர் ஒருவர் டவுனிலிருந்து வந்து, காற்றை அளக்க, கிண்ணம் சுற்றுகிற கருவி ஒன்றைக் காட்டுக்கு நடுவில் நட்டுவைத்தார். அது அன்று மாலையே போத்தனூர் ரயில்வே கேட் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் மறுபடி வரவில்லை.

காற்று வந்ததற்கு ஒன்பது நாள் முன்னால்தான் வெங்கடலட்சுமி அந்தக் காட்டில் நாற்பது ஒட்டு மாங்கன்று நட்டிருந்தாள். சும்மா நடவில்லை. அவள் புருசன் பாலகோபால் மூன்று அண்ணன் தம்பிகளில் நடுவில் பிறந்தவர். முந்தின வருடம் டைபாய்டில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மூத்தவர் நரசிம்மலுவும் இளையவர் சீனிவாசலுவும் கிணற்றுப் பூமியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, மேற்கே பாறையோடு கிடந்த இந்த நாலு ஏக்கரை அவளுக்கென்று ஒதுக்கினார்கள். அதையும் முழுசாகத் தந்துவிடவில்லை. பூமித் தகராறு வந்தால் மரத்தை எண்ணித் தீர்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். நாற்பது கன்று வைக்கவேண்டும். நாலாம் வருடம் ஆடிப் பதினெட்டன்று, முட்டும் கட்டும் இல்லாமல் முப்பது மரமாவது ஒரு நாழிகை நேரம் நின்றால் பூமி அவளுக்குச் சாசுவதம். இல்லையென்றால் பூமி பங்காளிகளுக்கு. முட்டும் கட்டும் இல்லாமல் என்று பத்திரத்தில் எழுதவைத்தவர் நரசிம்மலு. முன்னொரு காலத்தில் ஒரு பங்காளி காய்ந்த குச்சிகளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, பச்சைத் தழையைக் கட்டிவிட்டு, தோப்பு என்று கணக்குக் காட்டியிருக்கிறான். அதனால் எழுதினேன் என்றார். யாரும் மறுக்கவில்லை.

பூமி போனால் வெங்கடலட்சுமி காரமடைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். புருசன் செத்தபிறகு பதினோரு மாதம் அங்கேதான் இருந்தாள். அண்ணி ரங்கம்மாளைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் நாத்தனாருக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டியால் சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தத்தை இனி ஒருநாளும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் வெங்கடலட்சுமி பாறைக்காட்டில் ஒரு சாளை போட்டுத் தனியாகக் குடிவந்தாள். முப்பது மரம் அவளுக்கு முப்பது மரமல்ல. அந்தக் கரண்டி.

காற்று வந்த அன்றே கன்றுகள் தரையோடு படுத்தன. அவள் காரமடைச் சந்தையிலிருந்து மூங்கில் வாங்கிவந்து கன்றுக்கு ஒரு கம்பு ஊன்றிக் கயிறு போட்டாள். கம்பு சாய்ந்தது. இரண்டு ஊன்றினாள். பிறகு மூன்று. மூன்று கம்புக்கும் நடுவில் கன்றை நிறுத்தி, கயிற்றால் ஐந்து சுற்று, அதற்குமேல் கம்பியால் மூன்று சுற்று; இலையைத் தவிர எதுவும் அசையாதபடி முறுக்கினாள். அவள் உள்ளே நடமாடுவதற்கு அம்மிக்குழவியை மடியில் கட்டிக்கொள்வாள். வேறு யாராவது வந்தால் கம்புக்குக் கம்பு தாவிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். நூற்றிருபது கம்பு நின்றதால் அதற்குச் சிரமமில்லை. காற்று எடுத்துக்கொண்டு போகிற தட்டு, மூடி, சேலை எல்லாம் கருவி விழுந்த அதே இடத்தில், போத்தனூர் கேட் அருகில் சிக்கந்தரின் சைக்கிள் கடை வாசலில் விழுந்தன. சிக்கந்தர் அவற்றுக்கென்று சுவரில் ஆறு ஆணி அடித்து வைத்தார். வெங்கடலட்சுமி வாரம் ஒருமுறை போய் எடுத்துவருவாள்.

காட்டுக்குள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. வாயிலிருந்து வருவதற்குள் காற்று பிடுங்கிக்கொள்ளும். முதல் வருடம் ஐப்பசியில் ஒருநாள் சிக்கந்தர் மூடியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"ஏனுங்கம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. திங்கக்கெழமை நீங்க மாட்டை வஞ்சீங்களாட்டங்குது."

"உங்களுக்கு எப்படிங்க பாய் தெரியும்?"

"அது இன்னைக்குக் காலைல இங்க வந்து உழுந்துச்சுங்க. நானும் பாத்திமுத்துவும் டீ குடிச்சிட்டிருந்தோம். அவ காதைப் பொத்திக்கிட்டா."

சாமான்கள் அன்றே போய்ச் சேர்ந்தன. பேச்சுக்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது. பேச்சுக்குக் கனம் அதிகம் போலிருக்கிறது. இதைச் சிக்கந்தர் தன்னையும் தன் பெண்டாட்டி பாத்திமுத்துவையும் வெங்கடலட்சுமியையும் தவிர வேறொரு ஆளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை தன் காட்டில் தனக்குள் பேசிக்கொள்வது ஊருக்கு எதற்கு என்பது அவர் எண்ணம். அவளும் அதற்குப்பின் மாட்டை மனசுக்குள் மட்டுமே வைதாள்.

இந்த இடத்தில் நரசிம்மலுவைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனிதர் என்று பேர் வாங்குவதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கன்றுக்கு மூன்று கம்பு என்று கேள்விப்பட்டதும் வண்டி நிறைய மூங்கில் அனுப்பினார். இரண்டாம் வருடம் கம்பிச் சுருள் அனுப்பினார். வேலியோரம் வந்து நின்று, "நல்லா இறுக்கிக் கட்டு அம்மணி. ஒரு சுத்து எச்சாவே போடு. காத்து பொல்லாத காத்து," என்பார். "ஆகட்டுங்க பாவா," என்று அவள் கும்பிடுவாள். கொழுந்தன் சீனிவாசலு பக்கத்தில் நின்று தலையாட்டுவான். பூமி தன் பக்கம் வரவேண்டிய மனிதரே இப்படி உதவுகிறாரே என்று கோணமடை மூக்கில் விரல் வைத்தது. அவளுக்கும் கண் கலங்கியதுண்டு. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

1959 தை மாதம் ஒரு திங்கட்கிழமை அண்ணனும் தம்பியும் இன்னொரு சுருள் கம்பியோடு வந்து, கம்புக்குக் கம்பு தாவி உள்ளே நடந்து, தோப்பை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். நடுவில் ஓரிடத்தில் நரசிம்மலு தம்பியின் காதில் வாயை ஒட்டவைத்து ஏதோ சொன்னார். தம்பி சிரித்தான். பத்தடி தள்ளி நின்ற வெங்கடலட்சுமியும், தன் மரங்களைத்தான் மெச்சுகிறார்கள் என்று சிரித்தாள். மரங்கள் ஏழடி உயரம் வந்திருந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

புதன்கிழமை மேற்கு மூலையில் கரையான் அரித்த கம்பு ஒன்று முறிந்தது. மாற்றி ஊன்றுவதற்காக அவள் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்த மாத்திரத்தில் மரம் அப்படியே மடிந்து, நனைத்துப் போட்ட துணி மாதிரி தரையில் கிடந்தது. அடிமரம் அவள் கட்டைவிரல் அளவுகூட இல்லை. கம்பி பதிந்த இடத்தில் பட்டை உள்வாங்கிப் பள்ளமாக இருந்தது. அடுத்த மரத்தை அவிழ்த்தாள், அதுவும் படுத்தது. மூன்றாவதும். நான்காவதை அவிழ்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மூன்றையும் தூக்கி நிறுத்தி மறுபடி கட்டினாள். இரண்டரை வருடமாக அவள் வளர்த்தது மரமல்ல, கம்பில் சுற்றிய கொடி. ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது.

வியாழக்கிழமை போத்தனூருக்கு நடந்தாள். எதற்கு? இன்னும் கெட்டியான கம்பி கிடைக்குமா என்று கேட்பதற்கு. பயந்த மனசுக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. சிக்கந்தர் கடையில் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில், யாரும் நிற்காத இடத்தில், நரசிம்மலுவின் குரல் விழுந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டட்டும் உடு. அசையாத மரம் நிக்குமாடா? கட்டு அவுத்த அன்னைக்கு அத்தனையும் படுத்துக்கும் பாரு. பொறவு பூமி எங்க போகுது?"

அதன் பின்னாலேயே சீனிவாசலுவின் சிரிப்பு வந்து விழுந்தது. அதற்கும் பின்னால் அவளுடைய சிரிப்பு. தன் சிரிப்பைக் கேட்டபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. சிக்கந்தர் தலையைத் தூக்காமல் காற்றடித்துக்கொண்டே இருந்தார். டயர் கல்லாகிவிட்ட பிறகும் நிறுத்தவில்லை.

"ஏனுங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க. பாத்திமுத்து டீ போடுவா."

அவள் உட்காரவில்லை. அந்தச் சைக்கிளின் கேரியரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒரு புண்ணாக்கு மூட்டை, பழைய டியூபால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. சிக்கந்தர் சக்கரத்தை அசைக்கும்போதெல்லாம் மூட்டையும் இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம் ஆடியது. ஆடிவிட்டுத் தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. வெங்கடலட்சுமி அதை மூன்று நான்கு முறை தன் கையால் ஆட்டிப் பார்த்தாள்.

"பாய், பழைய டியூபு எத்தனைங்க இருக்குது?"

"கெடக்குதுங்க ஒரு குவியல். கம்பி கேக்கத்தான வந்தீங்க?"

"கம்பி போதுங்க."

அன்று முதல் அவள் செய்த வேலை யாருக்கும் தெரியாது. நூற்றிருபது கம்பும் நின்ற இடத்திலேயே நின்றன. வேலியிலிருந்து பார்த்தால் எல்லாம் பழையபடி. உள்ளே கம்பியையும் கயிற்றையும் வெட்டிவிட்டு, காற்று வருகிற மேற்குப் பக்கத்துக் கம்பில் மட்டும் டியூபைக் கொக்கியாக மடக்கி, கம்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பின்னல் விட்டுக் கட்டினாள். மரம் ஒரு விரற்கடை அசையலாம். மாசத்துக்கு ஒருமுறை முடிச்சைத் தளர்த்தினாள்; இரண்டு விரற்கடை, ஒரு சாண், ஒரு முழம். காற்றும் சும்மா இருக்கவில்லை. அவள் ஒரு பிடி விட்டால் அது இரண்டு பிடி ஏறியது. சித்திரையில் இரண்டு மரம் முறிந்தது. ஆவணியில் சாளையின் கூரைத் தகரம் போத்தனூருக்குப் போயிற்று. சிக்கந்தர் அதற்கு ஏழாவது ஆணி அடித்தார். மறுவருடம் பங்குனியில் இன்னும் மூன்று மரம் போயிற்று. மீதி முப்பத்தைந்து. அவை நாளெல்லாம் ஆடின; ஆட ஆட அடிமரம் மணிக்கட்டு அளவானது, பிறகு முன்னங்கை அளவானது. அவற்றோடு நடமாடி நடமாடி அவளும் எந்தப் பக்கம் எப்போது சாயவேண்டும் என்று பழகிவிட்டாள். குழவியை மடியிலிருந்து எப்போது இறக்கிவைத்தாள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை.

நரசிம்மலுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வேலியோரம் வருவார். "நல்லா இறுக்கிக் கட்டிப்போட்டயா அம்மணி?" என்பார். "உங்க புண்ணியமுங்க பாவா," என்பாள். அவர் அனுப்பிய கம்பியைப் பத்திரமாகச் சாளையில் அடுக்கினாள். இரண்டு பேரும் இப்படி மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு ஒன்றரை வருடத்தை ஓட்டினார்கள்.

1960 ஆடிப் பதினெட்டு செவ்வாய்க்கிழமை வந்தது. மற்ற ஊர்களில் நோம்பிக்குத் தூரி கட்டி ஆடிக்கொண்டிருந்தபோது கோணமடை முழுதும் வேலியைச் சுற்றி நின்றது. மணியக்காரர் சென்னிமலை பத்திரத்தைப் படித்து முடித்துத் தலையசைத்தார். வெங்கடலட்சுமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். முதல் மரத்தின் டியூபை அவிழ்த்து, மூன்று கம்பையும் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தாள். மரம் குனிந்தது. உச்சி தரையைத் தொட்டது. கூட்டம் உச்சுக்கொட்டியது. மரம் நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது, மறுபடி நிமிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த மரத்துக்குப் போனாள். முப்பத்தைந்தையும் அவிழ்த்து முடிப்பதற்குள் காற்று அதுவரை யாரும் பார்க்காத உக்கிரத்துக்கு ஏறியிருந்தது. மூன்று மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு ஊருக்கு மேலே போத்தனூரைப் பார்த்துப் பறந்தன. இரண்டு முறிந்தன. மீதி முப்பது. அதில் வேலிக்கு இருபதடி உள்ளே இருந்த ஒரு மரம் குனிந்தது, நிமிரவில்லை. பாதிக்குச் சாய்ந்து அப்படியே நின்றது.

நாழிகை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. "சாஞ்சது சேராதுங்க மணியக்காரரே, இருவத்தொம்பதுதான்," என்றார் நரசிம்மலு. மணியக்காரர் தாடையைத் தடவினார். "வேர் புடிச்சிருக்குதா இல்லையான்னு நானே பாத்துப்போட்டு வாரேன்," என்று நரசிம்மலு விறுவிறுவென்று வேலிப் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனார். இத்தனை வருடமாகப் போய்ப் பழகிய காடுதானே என்ற நினைப்பு. பத்தாவது அடியில் வழக்கம்போல வலது கையை நீட்டினார். பிடிப்பதற்கு அங்கே கம்பு இல்லை. ஒரு கம்பும் இல்லை.

முதலில் துண்டு போயிற்று. பிறகு செருப்பு. பிறகு கால்கள் தரையைவிட்டு எழும்பின. நூற்றியெழுபது ராத்தல் எடையுள்ள மனிதர் ஆள் உயரத்துக்குத் தூக்கப்பட்டு, கையை வீசிக்கொண்டு கிழக்கே நகர்வதை ஊர் பார்த்தது. யாருக்கும் உள்ளே போகத் துணிவில்லை. வெங்கடலட்சுமி அவரைப் பார்த்தாள். அவள் கையில் கடைசி மரத்தில் அவிழ்த்த டியூபு இருந்தது. அவர் அந்த வழியே போனால் போகட்டும் என்று ஒரு நொடி நின்றாள். இதை மறைப்பதில் பயனில்லை, நின்றாள்தான். பிறகு காற்றோடு சாய்ந்து நாலு எட்டு ஓடி, அவர் இடுப்பைச் சுற்றி டியூபை வீசி, ஒரு பின்னல் விட்டு, மறுமுனையைச் சாய்ந்து நின்ற அந்த மரத்தில் முடிந்தாள். மரம் கிடுகிடுத்தது. காற்று அவரைப் பட்டம் போல மேலே இழுக்க, மரமும் மெல்ல நிமிர்ந்தது. நரசிம்மலு அதன் நுனியில் நோம்பித் தூரி மாதிரி ஆடினார். அவர் வாய் திறந்து திறந்து மூடியது. அவளும் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். என்னவென்று வேலியோரத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

நாழிகை முடிந்ததும் மணியக்காரர் எண்ணினார். "முப்பது," என்றார். சீனிவாசலு, அந்த மரத்தில் கட்டு இருக்கிறதே, அது எப்படிச் சேரும் என்று கேட்டான்.

"மரத்துக்குத்தானப்பா முட்டு ஆகாதுன்னு எழுதியிருக்குது," என்றார் மணியக்காரர். "மனுசனுக்கு மரம் முட்டாகக் கூடாதுன்னு உங்கொண்ணன் எழுதலியே."

நரசிம்மலுவை வேலிக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்தபோது பத்திரத்தில் கையெழுத்துப் போட விரல்களில் பேனா நிற்கவில்லை, ரேகை வைத்தார். வெங்கடலட்சுமி அவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"ஏனுங்க பாவா, ரெண்டு தைக்கு முன்னால உள்ள நின்னு தம்பி காதுல ஒண்ணு சொன்னீங்கல்ல. அது மூணா நாள் போத்தனூர்ல, சிக்கந்தர் பாய் கடைல உழுந்துதுங்க. நானும் அங்கதான் இருந்தேனுங்க."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது. இன்றைக்கு அந்தரத்தில் தான் கத்தியதும் மூன்றாம் நாள் அங்கேதானே போய் விழும்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நரசிம்மலு சைக்கிள் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். தன் கூச்சலை வேறு யாரும் கேட்பதற்குமுன் தான் கேட்டுவிடவேண்டும் என்ற அவசரம். பாத்திமுத்து டீ கொண்டுவந்து வைத்தாள். பத்து மணி சுமாருக்கு வாசலில் முதல் குரல் விழுந்தது. அறுபது வயது மனிதரின் குரல் என்று சொல்ல முடியாது. "அம்மணி, உட்றாதே! உட்றாதே அம்மணி!" நரசிம்மலு கண்ணை மூடிக்கொண்டார். அதன் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சமும் உரக்கப் பேசாமல் அவள் குரல் வந்தது.

"பயப்படாதீங்க பாவா. இறுக்கிக் கட்டலீங்க. ஆடுங்க, ஒண்ணும் ஆகாது."

சிக்கந்தர் அருகில் இருந்த சக்கரத்துக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். நரசிம்மலு குடிக்காமல் வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. அப்போது வாசலில் டங்கென்று ஒரு ஈயத்தட்டு வந்து விழுந்து உருண்டது. சிக்கந்தர் எடுத்து ஆணியில் மாட்டப் போனார்.

"குடுங்க பாய்," என்று நரசிம்மலு கையை நீட்டினார். "அம்மணியுதுதான். நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போத்தனூருக்குப் போய், ஆணியில் இருப்பதை எடுத்துவந்து வேலிப் படலுக்குப் பக்கத்தில் வைப்பது அவர் வேலை என்று ஆயிற்று. 1963இல் மரங்கள் காய்க்கத் தொடங்கியபிறகு பழங்களும் கேட் பக்கத்தில் விழுந்தன. சிக்கந்தர் கடைக்கு முன்னால் ஒரு வைக்கோல் மெத்தை போட்டு வைத்தார். முப்பது மரமும் கிழக்கே சாய்ந்து நிற்கின்றன. காற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது. தானியம் தூற்ற வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிட வேண்டும், மத்தியானத்துக்குமேல் கூட்டம் சேர்ந்துவிடும்.